நாலு அங்குலம் போதும்

கருவிப்பெட்டி: வாசகர் கேள்வி பதில்

ஐயா, நான் யாழ்ப்பாணத்தான், இப்ப ஸ்கார்பரோவில் இருக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்துப் பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டேன். இந்த நவம்பரில் சிநேகிதர்களோடு முதல்முறையாக மான் வேட்டைக்குப் போகிறேன், இரவில் கூடாரம்தான். மடக்காத கத்தி ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். கடையில் 7 அங்குல அலகோடு ஒன்று காட்டினார்கள், நல்ல வடிவாயிருந்தது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ, கனடா

தம்பி, அந்தக் கத்தி கடையிலேயே இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது மூன்றரையிலிருந்து நாலு அங்குல அலகு, முதுகுத் தடிமன் 3 மில்லிமீட்டர், அவ்வளவுதான். கையில் எடுத்தால் இது போதுமா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

நான் ஒன்டாரியோவில் கிச்சனர் ஊரில் ஒரு டூல் ரூமில் (தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சும் கருவியும் செய்கிற பட்டறை) 22 வருஷம் கிரைண்டிங் மிஷின் ஓட்டியவன். நவம்பர் வந்தால் கூட வேலை பார்த்தவர்களோடு பான்கிராஃப்ட் பக்கம் காட்டுக்குப் போவோம். முதல் வருஷம் என் இடுப்பில் தொங்கியது ஆறரை அங்குலக் கத்தி.

மான் விழுந்ததும் முதல் வேலை வயிற்றைத் திறந்து குடலை எடுப்பது. உடம்புச் சூடு உள்ளே தங்கினால் கறி கெட்டுவிடும். வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் அந்தத் தோலும் மயிரும் கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். தோலில் சின்னதாக ஒரு திறப்பு போட்டு, இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு விரலுக்கும் நடுவே கத்தியைக் கூர் மேலே பார்க்க வைத்து, நெஞ்செலும்பு வரைக்கும் மெதுவாக நகர்த்த வேண்டும். உள்ளேயிருந்து வெளியே அறுப்பதால் மயிரும் துண்டாகிக் கறியில் விழாது, கத்தியும் மயிரில் உரசி மழுங்காது.

அந்த நேரத்தில் முனை எங்கே இருக்கிறது என்பதைக் கண் பார்க்காது, விரல்நுனிதான் சொல்லும். என் கத்தியின் முனையோ விரல்நுனியைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. இரைப்பையில் இறங்கிவிட்டது. பச்சையாக, புளித்த தீவன நாற்றத்தோடு உள்ளே இருந்ததெல்லாம் கறியின் மேல் வழிந்தது. எங்களில் மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து, அசுத்தம் பட்ட இடத்தையெல்லாம் சீவி எடுத்தார். ஒரு நல்ல உயிரை எடுத்துவிட்டு, அதன் கறியில் கொஞ்சத்தை நான் வீணாக்கினேன். அது இன்றைக்கும் மனசில் நிற்கிறது.

அடுத்த மானுக்கு அவர் தன் கத்தியைக் கொடுத்தார். மூன்றரை அங்குலம். முதுகு நேராகப் போய், கடைசியில் கொஞ்சம் கீழே சரிந்து முனையில் முடிகிறது. இந்த வடிவத்தை அமெரிக்காவில் பரவலாக்கியவர் பாப் லவ்லெஸ் என்ற கத்திக் கலைஞர், 2010-இல் காலமானார். முனை தாழ்ந்திருப்பதால் வெட்டுவாயை மேலே வைத்து நகர்த்தும்போது குத்தி இறங்குவது குறைவு. வெட்டுவாய் முன்பக்கம் வயிறு மாதிரி வளைந்திருப்பதால் தோல் உரிக்க வசதி. ஆள்காட்டி விரலை முதுகின் மேல் வைத்துக்கொண்டால், விரல் முடிகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே முனை. கை தானாகவே அடக்கமாகிவிடும்.

அலகை ஏன் மெல்லிசாகச் சொல்கிறேன்? என் அப்பா சாயல்குடிப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். பனையேறிகள் பாளை சீவுகிற அருவாளை அவரிடம் செய்து வாங்குவார்கள். மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி அதை அவர்கள் தீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பாளை நுனியில் ஒரு இழை அளவுதான் சீவ வேண்டும், மரத்தின் உச்சியில் நின்றுகொண்டு. தடித்த அலகு இருந்தால் அமுக்க வேண்டிவரும். மெல்லிய அலகு தன் பாரத்திலேயே போகும். மானின் மூட்டும் அப்படித்தான். எலும்பை வெட்ட வேண்டியதில்லை. இரண்டு எலும்பும் சேருகிற இடுக்கை விரலால் தடவிக் கண்டுபிடித்து முனையை விட்டால் சின்னக் கத்தியே கழற்றிவிடும். இடுப்பெலும்பைப் பிளக்க வேண்டுமென்றால் ஒரு கைரம்பம் எடுத்துப் போங்கள்.

மடக்காத கத்தி வாங்கச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். மடக்குக் கத்தியின் மூட்டுக்குள் ரத்தமும் கொழுப்பும் போய் உறைந்தால் காட்டில் கழுவ முடியாது. பிடியை மட்டும் கையுறையோடு பிடித்துப் பார்த்து வாங்குங்கள். கொழுப்புக் கையில் பளபளப்பான மரமும் வழுக்கும், கொம்பும் வழுக்கும். சொரசொரப்பான ரப்பர் வழுக்காது. விரலுக்கும் அலகுக்கும் நடுவே சின்னத் தடுப்பு ஒன்று அவசியம் வேண்டும். பிடி ஆரஞ்சு நிறமாக இருந்தால் இன்னும் நல்லது, சருகில் விழுந்தாலும் கண்ணில் படும்.

பெயர் சொல்லச் சொன்னால், ஸ்வீடனில் மோரா என்ற ஊர்ப் பகுதியில் செய்கிற மோராக்னிவ் கம்பேனியன், துருப்பிடிக்காத எஃகு. அலகு சுமார் 10 சென்டிமீட்டர், தடிமன் இரண்டரை மில்லிமீட்டர். விலையும் குறைவு. முதல் கத்திக்கு அது தாராளம். கூடாரத்து விறகுக்கு ஒரு சின்னக் கோடாலி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் படிக்கிறேன். நண்பர்களோடு கொல்லிமலை, வால்பாறை என்று கேம்பிங் போவோம். ஆன்லைனில் 10 அங்குல அலகுள்ள 'சர்வைவல்' கத்தி பார்த்தேன். முதுகில் ரம்பப் பல், பிடி உள்ளே குழாய் மாதிரி இருக்கிறது. அதில் தீக்குச்சி, தூண்டில் எல்லாம் வைக்கலாம், மூடியில் திசைகாட்டி. நல்லதா?
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

வேண்டாம் தம்பி. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு ஆயுத விதிகள் 2016-இன்படி, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்யாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதக் கணக்கில் வரும். பத்து அங்குலக் கத்தியோடு செக்போஸ்டில் நின்றால் பதில் சொல்வது கஷ்டம். சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தையும் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாகவே சொல்கிறது. வால்பாறை போகிற வழியே ஆனைமலை புலிகள் காப்பகம்தான். வனத்துறை ஊழியர் கேட்டால் பையைத் திறந்து காட்டி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். வேட்டை இங்கே குற்றம். ஸ்கார்பரோ வாசகருக்கு நான் சொன்னது அங்கே அரசு கொடுக்கிற லைசென்ஸோடு போகிறவர்களுக்கு மட்டும்.

இனி கத்தியைப் பார்ப்போம். நல்ல கத்தியில் அலகின் இரும்பு பிடிக்குள்ளும் போகும். அதைக் காம்பு என்போம். பிடியின் கடைசி வரை அலகின் அகலத்திலேயே போனால் மிகவும் பலம். பிடி குழாயாக இருந்தால் காம்புக்கு ஏது இடம்? பெரும்பாலும் கழுத்தில் ஒரு திருகோ ஒட்டோதான் இருக்கும். ஒரு விறகை நெம்பினால் அலகு ஒருபக்கம், பிடி ஒருபக்கம். அந்த ரம்பப் பல்லும் மரம் அறுக்காது, பிய்க்கத்தான் செய்யும்.

கேம்பிங்கில் நாம் அறுப்பது என்ன? கயிறு, வெங்காயம், பாக்கெட், தீ மூட்டச் சுள்ளி. நாலு அங்குலக் கத்தியும் ஒரு மடக்கு ரம்பமும் போதும். சுள்ளி ஈரமாக இருந்தால் தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்மரத்தில் கத்தியைப் படுக்கவைத்து முடி மாதிரி சுருள் சுருளாகச் சீவுங்கள், சுருள்கள் குச்சியிலிருந்து விழாமல் நிற்கட்டும். ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். ரயிலோ பஸ்ஸோ, கத்தியை உறையோடு பையின் அடியில் வையுங்கள். விமானமென்றால் செக்-இன் பெட்டியில் மட்டும்.

கார்பன் ஸ்டீல் நல்லதா, ஸ்டெயின்லெஸ் நல்லதா? டி2 என்று போட்டிருக்கிறார்களே, அது எப்படி?
– ஒரு வாசகர், ஓசூர்

எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓ1 என்று வெளிநாட்டுக் கத்திகளில் பார்ப்பீர்களே, அது கார்பன் ஸ்டீல் வகை, நம்ம டூல் ரூம்களில் ஓஎச்என்எஸ் என்று சொல்கிற அதே இரும்புதான். எண்ணெயில் தோய்ச்சல் கொடுப்பது, அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது. தீட்ட இதமானது, சீக்கிரம் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துப்போகும். டி2 நாம் டையும் பஞ்சும் (தகடு வெட்டுகிற அச்சுகள்) செய்கிற எச்சிஎச்சிஆர் வகை. அதில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தாலும், கார்பன் ஒன்றரை சதவீதம் இருப்பதால் குரோமியத்தில் கணிசமான பங்கை அது கட்டிப்போட்டுவிடும். ஆகவே முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது, துரு வரும். கூர் நிறைய நாள் நிற்கும். ஆனால் மழுங்கினால் சாதாரணக் கல்லில் கை ஓய்ந்துவிடும், வைரக்கல் வேண்டும். கடலோரம், மழைக்காடு என்றால் நான் ஸ்டெயின்லெஸ்தான் வாங்குவேன்.

என் கணவர் வாங்கிய கத்தியைத் தோல் உறையிலேயே வைத்திருந்தோம். ஆறு மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு, பித்தளைப் பாகத்தில் பச்சை. ஏன்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் அம்மா, பதனிட்ட அமிலமும் அதில் மிச்சம் இருக்கும். உங்கள் ஊர்ப் பனிக்குக் கேட்கவே வேண்டாம். உறை பயணத்துக்கு மட்டும். வீட்டில் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும் என்பதால், மருந்துக்கடையில் கிடைக்கிற லிக்விட் பாரஃபின் தடவுங்கள். துருப் புள்ளியை எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேயுங்கள்.

சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் இரண்டே நாளில் மழுங்குகிறது. நானே தீட்டுவது எப்படி?
– ஒரு வாசகர், திருப்பூர்

சுற்றுகிற சாணைக்கல்லில் தண்ணீர் இல்லாமல் அழுத்தினால் வெட்டுவாய் சூடேறும். நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பதம், அதாவது இரும்பின் கடினம், போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, அந்தப் பகுதியைத் தேய்த்தே எடுக்க வேண்டும்.

1000 கிரிட் கல் ஒன்று, 4000 கிரிட் கல் ஒன்று வாங்குங்கள் (எண் கூடினால் கல் நைசு). இரண்டு பக்கமும் இரண்டு எண் உள்ள ஒரே கல்லும் கிடைக்கும். கல்லுக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள், நகரக் கூடாது. வெட்டுவாயின் சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்பு தீட்டுங்கள். அலகு 25 மில்லிமீட்டர் அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து எட்டரை மில்லிமீட்டர் தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரி. மோரா மாதிரிக் கத்திக்கு அந்தக் கணக்கே வேண்டாம், அகலமான சரிவு கல்லில் தட்டையாகப் படுகிற மாதிரி வைத்தால் போதும்.

நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கறுப்பைப் பாருங்கள். மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகைத் தூக்குங்கள், விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் இறக்குங்கள். ஒரு பக்கமே தீட்டிக்கொண்டிருக்கும்போது மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, குறுக்காக, மெல்ல இழுங்கள். நகத்தில் தட்டுகிற மாதிரி ஒரு பிசிறு தெரியும். அது பிடியிலிருந்து முனை வரை விட்டுப்போகாமல் வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பலரும் பிசிறு வருவதற்கு முன்னாலேயே பக்கம் மாற்றிவிடுகிறார்கள், அதனால்தான் கூர் வருவதில்லை. மறுபக்கமும் அதே மாதிரி. பிறகு 4000-இல் பாரம் இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போக, கூர் பின்னே வர இழுங்கள். செய்தித்தாளின் ஓரத்தைச் சத்தமில்லாமல் அறுத்தால் போதும்.

எங்கள் ஊர்க் கொல்லரிடம் லாரி ஸ்பிரிங் பட்டையில் இப்படி ஒரு கத்தி செய்து வாங்க முடியுமா?
– ஒரு வாசகர், கமுதி

தாராளமாக. இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. அட்டையில் முழு அளவு வரைந்து கொண்டுபோங்கள்: அலகு 100 மில்லிமீட்டர், அகலம் 25, முதுகு 3, காம்பு பிடியின் கடைசி வரை. அருவாள் செய்து பழகிய கை தடிமனாகத்தான் விடும், ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், புதுப் பட்டையில் வெட்டிய துண்டு கேளுங்கள். தோய்ச்சல் தண்ணீரில் வேண்டாம், எண்ணெயில். மெல்லிய அலகு தண்ணீரில் வெடித்துவிடும். தோய்ச்சல் ஆனதும் ஒரு புது அரத்தை வெட்டுவாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் சரி, கடித்தால் இன்னொருமுறை உலையில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அலகு உடையாமலிருக்க, அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். வெளிறிய வைக்கோல் நிறம் வந்தால் எடுத்துவிடலாம். பிடிக்கு உங்கள் பக்கத்துக் கருவேல மரத்தின் வைரம் பாய்ந்த துண்டு இருந்தால் அதையே போடச் சொல்லுங்கள்.