தக்காளியில் பக்கக் கிளை: எதை ஒடிக்கலாம், எதை விடவேண்டும்?

கேள்வி: ஐயா, வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு ஏக்கரில் அர்கா ரக்ஷக் தக்காளி நட்டு 32 நாள் ஆகிறது. சொட்டுநீர், மண்ணை மூடும் பிளாஸ்டிக் மல்ச்சிங் சீட் போட்டிருக்கிறேன். பாருக்குப் பார் நாலு அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. குச்சி ஊன்றி முதல் கம்பியும் இழுத்தாகிவிட்டது. பக்கத்தில் அரை ஏக்கரில் பி.கே.எம். 1 ரகத் தக்காளி இருக்கிறது, அதற்குக் குச்சி கிடையாது. பக்கக் கிளையை எல்லாம் ஒடித்து ஒற்றைத் தண்டாக விட்டால் காய் பருக்கும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். சில செடிகளில் பக்கக் கிளை ஒரு அடி வளர்ந்து மொட்டும் வைத்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். ரக்ஷக்கில் முதல் பூங்கொத்துக்குக் கீழே இருப்பதை எடுங்கள், ஆனால் கொத்துக்கு நேர் கீழே உள்ள ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். பி.கே.எம். 1 தோட்டத்தில் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் துளிர்களைத் தவிர எதிலும் கை வைக்காதீர்கள். ஒரே பயிருக்கு இரண்டு விதமாகச் சொல்வது ஏன் என்பதைச் செடி வளரும் விதத்தில்தான் பார்க்கவேண்டும்.

தக்காளியின் முதல் தண்டு ஏழு முதல் பதினொரு இலை விட்டதும் அதன் நுனியே பூங்கொத்தாக மாறிவிடுகிறது. அந்தத் தண்டின் கதை அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் தொடர்வது போல நம் கண்ணுக்குத் தெரிவது, கொத்துக்கு அடுத்த கீழ் இலையின் கக்கத்திலிருந்து கிளம்பிய பக்கத் துளிர். அது கொத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நிற்கிறது. ஆகப் பக்கத் துளிர் என்பது தக்காளிக்கு வேண்டாத சதை இல்லை, செடி உயரமாவதே அதனால்தான். பாலிஹவுஸில் கயிற்றில் ஏற்றும் கொடி ரகங்களில் மூன்று இலைக்கு ஒரு கொத்து என்று இது முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். பி.கே.எம். 1 போன்ற குத்துச்செடி ரகத்தில் கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே இலை இரண்டு, ஒன்று என்று குறைந்து, சில கொத்துகளோடு தண்டு நின்றுவிடும். பிறகு வரும் காயெல்லாம் கீழிருந்து கிளம்பும் பக்கக் கிளைகளில்தான். அவற்றை ஒடிப்பது அடுத்த பறிப்பை ஒடிப்பதற்குச் சமம்.

பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் இரண்டுக்கும் நடுப்பட்ட, அரைக்கொடி வகை. குத்துச்செடியைவிட உயரமாகப் போகும், ஆனால் அதுவும் ஓரிடத்தில் நின்றுவிடும். உங்கள் பக்கத்துக்காரர் சொன்னபடி இதை ஒற்றைத் தண்டாக்கினால், அந்தத் தண்டு முடிந்த நாளில் தொடர்ந்து காய்க்க வேறு கிளை இருக்காது. அவர் வைத்திருப்பது கொடி ரகமாக இருந்தால் அவர் செய்வது சரி. உங்களுக்கு அது பொருந்தாது.

காய் பருக்கும் என்பது பொய்யில்லை. கொத்து குறைந்தால் மிஞ்சிய காய் பருக்கத்தான் செய்யும். ஆனால் ரக்ஷக் காய் இயல்பிலேயே 90 முதல் 100 கிராம் வரும். அதை இன்னும் பருக்கவைத்து எண்ணிக்கையை இழப்பதில் என்ன லாபம்? உங்கள் இடைவெளிக்கு ஏக்கருக்கு 7,260 செடி. ஒற்றைத் தண்டாக விட்டால் பாதி வெயில் இலைமேல் விழாமல் சீட்டின்மேல்தான் விழும். ஒற்றைத் தண்டு வேண்டுமென்றால் இதைவிட நெருக்கி நட்டிருக்கவேண்டும், நாற்றுச் செலவும் அதற்கேற்ப ஏறியிருக்கும். உங்கள் நாலடிப் பாருக்குச் செடிக்கு இரண்டு தண்டு அளவு, வீரியமான செடிக்கு மூன்று.

வேலைக்கு ஆள் விடும் முன் அவர்களுக்கு ஒரு செடியைக் காட்டிக் கொடுங்கள். அடியிலிருந்து கண்ணை மேலே ஓட்டுங்கள். இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் முளைப்பது பக்கத் துளிர். அதில் முதலிலேயே குட்டி இலைகள் தெரியும். பூங்கொத்து கக்கத்தில் வராது. இரண்டு இலைக்கு நடுவே வெறும் தண்டிலிருந்து நீட்டிக்கொண்டு வரும், இலை இருக்காது. இந்த வித்தியாசம் புரியாமல் புது ஆள் வேகமாக ஒடித்துக்கொண்டு போனால் பத்துச் செடிக்கு ஒன்றில் கொத்து போய்விடும். முதல் கொத்தைக் கண்டதும் அதற்குக் கீழே உள்ள முதல் இலையின் கக்கத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் துளிர்தான் செடியிலேயே கொழுத்தது, கவட்டை மாதிரி தண்டோடு சேர்ந்து நிற்கும். அதை இரண்டாம் தண்டாக விட்டுவிடுங்கள். அதற்கும் கீழே உள்ளவை போகட்டும். தண்டு பருத்து, இலை கரும்பச்சையாக இருக்கும் செடியில் மட்டும் அதற்கடுத்த கீழ்த்துளிரையும் மூன்றாவதாக விடலாம். முதல் கொத்துக்கு மேலே வருபவற்றை ரக்ஷக்கில் எடுக்க வேண்டியதில்லை.

துளிர் இரண்டு மூன்று அங்குலம் இருக்கும்போது எடுப்பதே எளிது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அடியைப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் மடக்கினால் 'டக்' என்று கழன்று வரும். நுனியைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் தண்டின் தோல் நாராக உரிந்து வந்துவிடும், அந்தக் காயம் ஆறவும் நாளாகும். பென்சில் பருமனைத் தாண்டியதைக் கையால் ஒடிக்காமல் கூர்மையான கத்தியால் நறுக்குங்கள். பனி காய்ந்த பிறகு, காலை எட்டரை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மாலைக்குள் காயம் உலர்ந்துவிடும். மழை நாளிலும் இலை ஈரமாக இருக்கும்போதும் இந்த வேலை வேண்டாம். செடிக்குப் பத்து வினாடி என்று வைத்தாலும் 7,260 செடிக்கு இருபது மணி நேரம், அதாவது மூன்று ஆள் ஒரு நாள். இப்போது ஒரு முறை, பத்து நாள் கழித்து விட்டுப்போனதை எடுக்க இன்னொரு முறை. அதற்கு மேல் ரக்ஷக்குக்குக் கூலி செலவழிக்காதீர்கள்.

ஒரு அடி வளர்ந்து மொட்டு வைத்த கிளைகள்தான் உங்களுக்குத் தலைவலி. அவை 25ஆம் நாளே போயிருக்கவேண்டும். இப்போது ஒரே நாளில் மொத்தமாகச் சீவினால் செடியின் இலையில் பெரும்பங்கு போய்விடும். அடுத்த நாலைந்து நாளில் அடியிலைகள் மேல்நோக்கிக் குழாய் மாதிரி சுருண்டு தடிப்பேறும். அதைப் பார்த்து 'வைரஸ் வந்துவிட்டது' என்று மருந்துக் கடைக்கு ஓடுபவர்கள் நிறைய. இரண்டுக்கும் வித்தியாசம் சுலபம். கிளை ஒடித்த அதிர்ச்சியில் சுருள்வது வயதான அடியிலை. அதன் அளவும் பச்சையும் மாறாது, தொட்டால் மொறுமொறு என்றிருக்கும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோயில் நுனியிலைதான் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, நெளிந்து நிற்கும், செடியும் குட்டையாகிவிடும். முன்னதற்கு மருந்தே தேவையில்லை.

எனவே பெரிய கிளைகளை இரண்டு தவணையாக எடுங்கள். முதல் கொத்துக்கு நேர் கீழே இருந்தால், ஒரு அடி என்ன இரண்டு அடி இருந்தாலும் அதுதான் உங்கள் இரண்டாம் தண்டு, கட்டி விடுங்கள். அதற்கும் கீழே உள்ளவற்றில் தரையை ஒட்டியதை இன்றும், மற்றதைப் பத்து நாள் கழித்து வரும் இரண்டாம் முறையிலும் நறுக்குங்கள். வெயில் கடுமையாக இருந்தால் இரண்டாம் தவணையில் அடியோடு வெட்டாமல், இரண்டு இலையை விட்டு நுனியை மட்டும் கிள்ளுங்கள். கிளை வளர்வது நிற்கும், அந்த இரண்டு இலை காய்க்குக் குடை பிடிக்கும்.

குடை என்று சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. இலை மறைப்பில் இருந்த காய் திடீரென்று வெயிலில் பட்டால் வெயில் விழும் பக்கம் வெளுத்து, தோல் காகிதம் போலாகிக் குழிந்துவிடும். அதற்கு அடுத்து அந்த இடத்தில் கறுப்புப் பூசணம். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி உருவாவதும் தடைபடும். அதனால்தான் கோடையில் வெயிலில் கிடக்கும் காய் ஆரஞ்சிலேயே நின்றுவிடுகிறது. மாசி, பங்குனியில் காய்க்கும் பயிருக்கு இந்தக் கிளை எடுப்பதையே பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். கடுமையாக ஒடித்த செடியில் இன்னொரு சங்கடம், காய் வெடிப்பு. வேர் உறிஞ்சும் தண்ணீர் மிஞ்சிய சில காய்களுக்குள் மொத்தமாகப் போகிறது, தோல் தாங்குவதில்லை. ஒடித்த மறுநாள் சொட்டுநீரை வழக்கத்தைவிட அதிகம் ஓடவிடாதீர்கள். அந்த வாரம் யூரியாவும் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் ஒடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதுத் துளிர் தள்ளும், நீங்கள் கூலி கொடுத்த வேலை வீணாகும்.

நோய் விஷயத்தில் கைதான் வண்டி. இலையில் வெளிர்பச்சைத் திட்டு விழவைக்கும் தேமல் நச்சுயிரி (வைரஸ்) சாற்றோடு விரலில் ஒட்டிக்கொண்டு பாரில் வரிசையாகப் போகும். ரக்ஷக் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன் கருகல் மூன்றையும் தாங்கும் என்றாலும், தேமல் அந்தப் பட்டியலில் இல்லை. தேமலோ வாடலோ தெரியும் செடிகளில் முதல் நாளே குச்சியில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றைத் தொடாமல் மற்றதை முடித்துவிட்டு, கடைசியில் அவற்றை வேரோடு பிடுங்குங்கள். ஒவ்வொரு பாரின் முடிவிலும் ஒரு வாளி சோப்புத் தண்ணீர் இருக்கட்டும். பீடி, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் கை கழுவாமல் செடியைத் தொடக்கூடாது, அதிலும் அந்த நச்சுயிரி இருக்கக்கூடும். கத்தி பிடிப்பவர் லிட்டருக்கு 100 கிராம் ட்ரைசோடியம் பாஸ்பேட் கரைத்த நீரில் அடிக்கடி முக்கி எடுக்கவேண்டும். கரைசல் காரமானது, கையுறை போடச் சொல்லுங்கள். வேலை முடிந்த மாலையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் ஒரு முறை தெளித்தால் காயம் வழியாகக் கிருமி நுழைவது குறையும்.

ஒடித்ததை வாய்க்காலில் போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை விடுங்கள். ஊசிப்புழு இலைக்குள்ளேயே இருந்து வாடும் வரை தின்று, பிறகு பக்கத்துச் செடிக்கு ஏறிவிடும். சாக்கில் சேர்த்துத் தோட்டத்துக்கு வெளியே குழியில் போட்டு மண் மூடுங்கள்.

இதே சுற்றில், மண்ணில் படியும் அடியிலைகளையும் 20 சென்டிமீட்டர் உயரம் வரை எடுத்துவிடலாம். முன் கருகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறுகிறது. ஒரு செடியில் ஒரு நேரத்துக்கு மூன்று இலைக்கு மேல் வேண்டாம். முதல் கொத்தின் காய் பருக்கும் வரை அந்தக் கொத்தை ஒட்டிய இலையையும் விடுங்கள். இரண்டு தண்டையும் கம்பியில் கட்டும்போது சணலை எட்டு வடிவில் சுற்றி, தண்டுப் பக்கம் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு கொடுங்கள். முடிச்சு பூங்கொத்துக்குக் கீழே வேண்டாம், இலைக்குக் கீழே போடுங்கள். கொத்துக்குக் கீழே போட்டால், காய் கனமாகும்போது கொத்துக் காம்பு அந்த முடிச்சில் அமுங்கி ஒடிந்துவிடும்.

பி.கே.எம். 1-க்கு வேலை கொஞ்சம்தான். மண்ணில் தொடும் துளிர், மஞ்சளான அடியிலை, அவ்வளவு. குச்சி இல்லாத செடியில் காய் மண்ணில் படாமலிருக்க வைக்கோல் பரப்பினால் அழுகல் குறையும். நடவில் செத்துப்போன இடம் ஏதாவது இருந்தால், ரக்ஷக்கில் ஒடிக்கும் துளிர்களில் நோயில்லாத செடியிலிருந்து அரை அடி நீளமுள்ளதை எடுத்து, அடியிலைகளைக் கிள்ளி, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நிழலில் ஈரமாக வையுங்கள். பத்து நாளுக்குள் வேர் விடும், ஒரு வாரம் வெயில் பழக்கி நடலாம். தாய்ச்செடியில் நச்சுயிரி இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதால், துளி சந்தேகம் இருக்கும் செடியிலிருந்தும் துளிர் எடுக்காதீர்கள்.