கன்னட நடிகர் ராஜ்குமார் ரகசிய ஏஜென்டாக வரும் சிஐடி 999 படங்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது?

வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். ‘ஜேடர பலெ’ (1968), ‘கோவாதல்லி சிஐடி 999’ (1968), ‘ஆபரேஷன் ஜாக்பாட்னல்லி சிஐடி 999’ (1969). மூன்றும் கறுப்பு வெள்ளை. நான்காவதான ‘ஆபரேஷன் டைமண்ட் ராக்கெட்’ (1978) கலர்ப் படம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். துரை–பகவான் இரட்டையர் இயக்கியவை இவை. ‘ஜேடர பலெ’ என்றால் சிலந்தி வலை. கன்னடத்தில் துப்பறியும் ரகசிய ஏஜென்ட் படங்களுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அதுதான், தவறவிடாதீர்கள். இரண்டாவதில் நம்ம நடிகை லட்சுமி இருக்கிறார். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷ், இளையராஜா உதவியாளராக இருந்து தொழில் கற்ற அதே வெங்கடேஷ்.

டிவி அமைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய படச்சட்டம் ஏறக்குறைய 4:3. அதைத் திரை முழுக்க இழுத்தால் ராஜ்குமாரின் முகம் பூசணிக்காய் போல அகன்றுவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதே சரி. ‘மோஷன் ஸ்மூத்திங்’கை அணையுங்கள்: நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் அது செயற்கையாகப் பிரேம்களைச் செருகுவதால், சண்டைக்காட்சி சீரியல் மாதிரி வழுக்கும். கறுப்பு வெள்ளைப் பிரதியில் பச்சையோ ஊதாவோ படிந்திருந்தால் ‘கலர்’ அளவைப் பூஜ்யமாக்குங்கள், சாயம் போய்விடும். ‘ஷார்ப்னஸ்’ஸையும் குறையுங்கள். கூட்டினால் பிலிமுக்கே உரிய பொடித்துகள்கள் மணல் தூவியதுபோலத் துருத்தும், நிழலில் நிற்கும் வில்லன் தெரியவே மாட்டான்.