ரோமம் கத்தரிக்கக் கற்ற பையன்களுக்குச் சோதனை வைப்பது எப்படி?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் கவுஞ்சிப் பக்கம் மெரினோ கலப்புச் செம்மறிகள் வைத்திருக்கிறோம். எங்கள் குழுவில் இரண்டு பையன்கள் மெஷினில் ரோமம் கத்தரிக்கப் பழகியிருக்கிறார்கள். வரும் மாசி, பங்குனியில் எல்லார் ஆட்டையும் அவர்களிடமே விடலாமா? தொழில் தெரிந்துவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வது? ஒரு நாளைக்கு எத்தனை ஆடு முடிக்க வேண்டும்?

பதில்: எண்ணிக்கையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் அய்யா. பையன்கள் செல்போனில் ஆஸ்திரேலியாக்காரர்களின் வேகத்தைப் பார்த்திருப்பார்கள். 1892-ல் குயின்ஸ்லாந்தில் ஜாக்கி ஹோவ் என்பவர் கைக்கத்தரியாலேயே 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடு கத்தரித்தார். அவர்களுக்கு அதுவே பிழைப்பு. வருஷத்துக்குச் சில நாள் மட்டும் மெஷின் பிடிக்கிற பையனுக்கு அந்த வேகம் தேவையில்லை.

மெஷினை அவனையே பூட்டச் சொல்லுங்கள். மேலே ஓடுகிற வெட்டுப்பல்தான் கட்டர், அதற்கு அடியில் தோலை ஒட்டிப் போகிற அசையாத பல்தகடுதான் சீப்பு. கட்டரின் நுனி சீப்பின் நுனியைத் தாண்டாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். இறுக்கம் அதிகமானால் சீப்பு சூடேறித் தோலைச் சுடும், குறைந்தால் ரோமத்தைக் கடித்து இழுக்கும். நடுவில் நிறுத்தி எண்ணெய் விடுகிறானா, சீப்பைத் தொட்டுச் சூடு பார்க்கிறானா என்று கவனியுங்கள்.

ஆட்டுக்கு முதல் நாள் சாயங்காலத்தோடு தீனியை நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்த ஆட்டைப் பிட்டத்தில் உட்கார வைத்தால் மூச்சு முட்டித் திமிறும், தரையும் புழுக்கையாகிவிடும். வெறும் வயிற்றிலும் ஆடு உதைத்துக்கொண்டே இருந்தால் குறை ஆட்டிடம் இல்லை, பையன் காலை வைத்திருக்கும் விதத்தில். இடது கை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியமான சோதனை. தோலை இழுத்து விறைப்பாக வைத்திருந்தால் தேறிவிடுவான். ரோமத்தைப் பிடித்துத் தூக்கினால் கூடவே தோலும் எழும்பிச் சீப்புக்குள் போய்விடும். சின்னக் கீறல்களைப் பொறுக்கலாம். ஆனால் மடிக்காம்பு, கிடாவின் குறி, பின்னங்கால் குதிநரம்பு ஆகியவற்றில் வெட்டு விழுந்தால் அன்றைக்கு மெஷினை வாங்கி வைத்துவிடுங்கள். காம்பு போன தாய் ஆட்டால் குட்டிக்குப் பயனில்லை.

பிறகு ரோமத்துக்கு வாருங்கள். மூங்கில் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து ஒரு மேசை செய்து, போர்வை மாதிரி ஒரே விரிப்பாகக் கழன்று வரும் ரோமம் முழுவதையும் அதன்மேல் விரித்து உதறுங்கள். கீழே பொடிப்பொடியாகக் கொட்டினால் ஒரே இடத்தில் இரண்டு முறை ஓட்டியிருக்கிறான் என்று பொருள். இழையின் நீளத்துக்குத்தான் விலை. பாதியில் வெட்டுப்பட்ட இழை நூற்புக்கு உதவாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ரோமத்தைப் பிரித்துக் கட்டுகிறவர்களுக்கும் பயிற்சி வேண்டும். இது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது, சொல்லிக்கொடுக்க யாரும் இருப்பதில்லை. வயிற்று ரோமம் தனி. மூத்திரக்கறை, சாணிக்கட்டி, கால், முகத்து ரோமம் எல்லாம் ஓரத்திலிருந்து கிள்ளி எடுக்கப்பட வேண்டும். வெள்ளை ஆடுகளை முடித்துவிட்டுத்தான் கறுப்பு, பழுப்பு ஆடுகளைத் தொட வேண்டும். சோதனைக்கு, பிரித்து முடித்த குவியலில் கறைபட்ட துண்டுகளைச் சிலவற்றை ஒளித்து வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை கண்டுபிடிக்கிறார்கள் என்பதே மதிப்பெண்.

உரச்சாக்கில் மட்டும் அடைக்கவே கூடாது. பிளாஸ்டிக் இழை பிரிந்து ரோமத்தில் கலந்தால் அந்த இழையில் சாயமும் ஏறாது, அதைப் பொறுக்கி எடுக்கவும் முடியாது. துணிப்பை போதும். ஈரத்தோடு கட்டினால் மஞ்சளாகிவிடும். நம் மலையில் பனி கனமாக விழுவதால் ஆடுகளை முந்தின இரவே கூரைக்கடியில் அடைத்து, ரோமம் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கீறலுக்கு அன்றே மருந்து போடாவிட்டால் புழு வைத்துவிடும். உடம்பில் சீழ்க்கட்டி உள்ள ஆட்டைக் கடைசியில் விடுங்கள், ஒரு பட்டி முடிந்ததும் சீப்பைக் கிருமிநாசினியில் கழுவச் சொல்லுங்கள். ஈனும் தறுவாயில் உள்ள சினை ஆடுகளை ஒதுக்கிவிடுங்கள். கத்தரித்த ஆடுகளுக்குச் சில நாள் இரவில் காற்றும் மழையும் படாத கொட்டகை வேண்டும்.

மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது, பாரத் மெரினோ என்ற மென்ரோமக் கலப்பினச் செம்மறி வளர்க்கிறார்கள். கத்தரிப்பு நடக்கும்போது பையன்களையும் பிரிக்கும் பெண்களையும் சேர்த்து அனுப்ப முடியுமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

குழு ஆடுகள் எல்லாவற்றையும் இப்போதே கொடுக்க வேண்டாம். பால் கொடுக்காத பெட்டைகளில் தொடங்கட்டும். முதல் வருஷம் ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசாமல் நாள்கூலியாகக் கொடுங்கள். தலைக்கணக்கு வந்தால் கை தானாக ஓடத் தொடங்கும், வெட்டுப்படுவது உங்கள் ஆடுதான்.