படிக்க வராத பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தமிழும் வாசிக்க வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. ஆனால் வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். சைக்கிள் செயின் கழன்றால் அவனே மாட்டிவிடுவான். பள்ளியில் 'சோம்பேறி' என்கிறார்கள். தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். உறவினர் ஒருவர் ஒரு மாற்றுக் கல்விப் பள்ளியைச் சொல்கிறார். பரீட்சை, வீட்டுப்பாடம் கிடையாதாம். பிள்ளைக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது படிக்குமாம். ஆனால் விடுதியில்தான் விட வேண்டும். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், வீட்டில் வைத்துப் படிப்பிக்க முடியாது. ஒன்றாம் வகுப்பில் இருக்கும் மகள் நன்றாகப் படிக்கிறாள். இருவரையும் சேர்த்தே மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

'வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாடம் புரிந்த பிள்ளைக்கு எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் முடிவாகச் சொல்லக் கூடாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் என்று சலுகைகள் உண்டு. சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே என்று பயப்படாதீர்கள். 'சோம்பேறி' என்ற முத்திரையை ஏற்கெனவே குத்தியாகிவிட்டது.

இப்போது அந்த மாற்றுப் பள்ளி. பிள்ளையை மையமாக வைக்கும் கல்வியில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனாலும் 'தோன்றும்போது படிக்கும்' என்பது உங்கள் மகனுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க வந்தது. நான் அப்போது ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. சுவரில் ஏணிப்படி அட்டவணை. எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துவந்து உட்காரும். அவரவர் வேகத்தில் போகலாம், யாரும் யாருக்காகவும் ஓட வேண்டாம். எங்கள் வகுப்பறையில் முதன்முறையாகப் பயம் இல்லாமல் போனது.

அந்த வகுப்பில் ஒரு பையன் 'கொ' வரிசைப் படியிலேயே நின்றுவிட்டான். 'கொடி' என்ற அட்டையை எடுப்பான், 'கெ... ஆ... டி' என்பான், வைத்துவிடுவான். மறுநாளும் அதே அட்டைதான். 'அவன் வேகத்தில் வரட்டும்' என்று நானும் விட்டுவிட்டேன். வருடம் முடிகிறபோதும் அவன் அங்கேயே இருந்தான். நான் காத்திருந்ததைப் பொறுமை என்று நினைத்திருந்தேன். அவனோ தன்னால் முடியாது என்று முடிவு கட்டியிருந்தான்.

அடுத்த ஆண்டு, கற்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கென்று கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் அவனோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு தட்டில் மணலைப் பரப்பி, நடுவில் 'க' எழுதச் சொன்னார். 'இது பானை. தூக்க ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும்ல?' என்று சொல்லி இடப்பக்கக் கொம்பையும் வலப்பக்கக் காலையும் அவன் விரலைப் பிடித்து வரைந்தார். வரையும்போதே 'கொ' என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தார். தினமும் கால் மணி நேரம், ஒரு எழுத்து, மூன்று சொற்கள். ஏழெட்டு வாரத்தில் 'கொடி', 'கொக்கு', 'தொட்டி' எல்லாம் வாசித்தான்.

மணல் நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி உப்புத்தாள் எழுத்துகளைப் பிள்ளைகளின் விரலுக்குக் கொடுத்தவர். 1907-இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் பள்ளியைத் தொடங்குவதற்கு முன்பே, 'இதுகளுக்குப் படிப்பு வராது' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்து பெற்ற அனுபவம் அவருக்கு இருந்தது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அவர் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுத்தார், உண்மைதான். அதோடு அடுத்து எதை அவர்கள் கையில் கொடுப்பது என்பதையும் நுணுக்கமாகத் திட்டமிட்டு வைத்திருந்தார். 'மாற்றுக் கல்வி' என்று பெயர் வைத்த எல்லா இடத்திலும் இந்த இரண்டாவது பாதி இருப்பதில்லை.

ஆகவே எந்தப் பள்ளியாக இருந்தாலும் ஒரு நாள் காலை வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். 'படிக்க வராத பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள்?' என்று கேளுங்கள். 'தானா வந்துரும்' என்பதுதான் பதில் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விடுதி இப்போது வேண்டவே வேண்டாம். காலையில் வயிறு வலிக்கிறது என்று அழும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இரவில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியையும் பாருங்கள். கௌரவக் குறைச்சல் என்று ஒதுக்காதீர்கள். 2022 முதல் அங்கே எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து நடத்துகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்திலிருந்து தொடங்கினாலும் அங்கே அவமானம் இல்லை. சிறப்புப் பயிற்றுநரின் உதவியும் கேட்டுப் பெறலாம். எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி இருக்காது, ஆசிரியரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ் வழி என்றால் இன்னொரு நன்மையும் உண்டு: வீட்டில் பேசுகிற மொழியின் எழுத்தில் முதலில் கால் ஊன்றிக்கொள்வான். இங்கிலீஷ் பிறகு வரட்டும்.

மகளை அங்கேயே விடுங்கள். நன்றாக இருக்கும் பிள்ளையை ஏன் கிளப்ப வேண்டும்? அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே பள்ளிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை.

நீங்கள் வேலை முடிந்து களைத்து வருவீர்கள், தெரியும். அதனால் பதினைந்து நிமிடம்தான் கேட்கிறேன். இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும், சைக்கிள் செயினை எப்படி மாட்டுவது என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொன்ன மூன்று வாக்கியத்தை, அவன் சொன்னபடியே, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவன் பெயரையும் போடுங்கள். நாளைக்கு அதை இருவரும் விரல் வைத்துச் சேர்ந்து வாசியுங்கள். திக்குகிற எழுத்தை மட்டும் மணல் தட்டில் எழுதட்டும். மணல் கிடைக்காவிட்டால் ரவை போதும். பரிசோதனை முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று கட்டாயம் எழுதுங்கள், காத்திருப்பேன்.