குஞ்சு பொரிக்கிறது, ஆனால் நிற்கவில்லை: பிரிஸில்நோஸ் வளர்க்கும் தம்பிக்கு

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டடித் தொட்டி, அதில் ஒரு ஆண், இரண்டு பெண் பிரிஸில்நோஸ் (கண்ணாடியில் ஒட்டிப் பாசி மேயும் சின்னச் சக்கர் மீன்), கூடவே கொஞ்சம் கப்பி மீன். முதல் தடவை முட்டைக் கொத்தை ஆணே வெளியே தள்ளிவிட்டது. இரண்டாம் தடவை பொரித்து, அறுபது எழுபது குஞ்சுகள் வெளியே வந்து கண்ணாடியில் ஒட்டி நின்றன, பத்து நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. குழாய்க்கிணற்றுத் தண்ணியின் கடினம்தான் காரணமா, அடுத்த தடவை முட்டையை எடுத்து வேறாக வைக்கவா என்கிறார்.

தம்பி, முட்டையை எடுக்காதீர்கள். தண்ணியின் கடினத்தையும் குற்றம் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தக் குஞ்சுகள் பசியில்தான் செத்திருக்கின்றன என்று நினைக்கிறேன், அல்லது அதுகளுக்கென்று போட்ட தீனி அழுகித் தண்ணி கெட்டுச் செத்திருக்கும். இந்த மீனை முட்டையிட வைப்பது பெரிய வேலை இல்லை, குஞ்சு வெளியே வந்த பிறகு வரும் மூன்று கிழமைதான் வேலை.

முதலில் தண்ணியை முடித்துவிடுவோம். வன்னிக் கிணற்றுத் தண்ணி கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டும் தண்ணிதான், ஆனால் கடைகளில் கிடைக்கும் பிரிஸில்நோஸ் பல தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தது, அந்தக் கடினத்தைத் தாங்கும், முட்டையும் இடும். குழாய்க்கிணற்றில் இரும்பு வாடை இருந்தால் ஒரு பீப்பாயில் ஒரு நாள் காற்று விட்டு வைத்து, அடியில் தங்கியதைக் கலக்காமல் மேலே மொண்டு ஊற்றுங்கள். உப்பு மட்டும் போடாதீர்கள், கப்பிக்குப் பழகிய கை இந்தத் தொட்டியிலும் உப்பைப் போடப் பார்க்கும், இந்த மீனுக்கு அது ஒத்துவராது.

வெக்கைதான் நம் பக்கத்தின் உண்மையான பிரச்சினை. 24 முதல் 27 பாகை வரை இதற்கு நல்ல சூடு. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வைகாசியில் தொட்டித் தண்ணி 30ஐத் தாண்டிவிடும், சூடு ஏற ஏறத் தண்ணியில் ஒட்சிசன் குறையும், அந்த நேரத்தில் கரண்ட் போனால் குகைக்குள் நிற்கிற ஆண் மூச்சுக்கு வெளியே வரும், முட்டை கைவிடப்படும். உங்கள் முதல் கொத்து அப்படிப் போயிருக்கலாம், இல்லையென்றால் அது முதல் தடவைத் தகப்பனின் தடுமாற்றம், இரண்டு மூன்று தடவைக்குள் பழகிவிடும். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், மூடியைத் திறந்து வலை போடுங்கள், தண்ணியின் மேல் காற்றுப் படும்படி ஒரு மின்விசிறி. பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்கட்டும்.

குகை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆண் உள்ளே போனால் இரண்டு பக்கமும் உடம்பு தொடுகிற அளவு ஒடுக்கமாக, ஒரு பக்கம் அடைத்து இருக்க வேண்டும். நாலைந்து சென்ரிமீற்றர் வாய், பதினைந்து சென்ரிமீற்றர் நீளம் போதும். மூங்கில் துண்டு, பிவிசி பைப், எதுவும் சரி. குகை அகலமாக இருந்தால் ஆணால் வாசலை அடைத்து நிற்க முடியாது, கப்பி உள்ளே போய் முட்டையைக் கொத்தும். இரண்டடித் தொட்டிக்கு ஒரு ஆண் போதும், இரண்டு ஆண் விட்டால் கன்னத்து முட்களை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று கிழித்துவிடும்.

முட்டை இட்ட பிறகு ரோச்சை அடிக்கடி குகைக்குள் அடிக்காதீர்கள். ஒரே ஒரு தடவை, பக்கவாட்டில் மெதுவாகப் பாருங்கள். பூசணிப்பழ நிறத்தில் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும், ஆண் அதன் மேல் நின்று செட்டையாலும் வாலாலும் விடாமல் விசிறிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் அது அனேகமாகச் சாப்பிடாது. அந்த விசிறலால்தான் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கிறது, அழுகிய முட்டையையும் அதுவே பொறுக்கி எறியும். நாம் எடுத்து வைத்துச் செய்கிற எந்த ஏற்பாடும் அதற்கு ஈடாகாது. கொத்தை வெளியே தள்ளினால் மட்டும் வலைப்பெட்டியிலோ ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் போத்தலிலோ வைத்து, முட்டை இலேசாக ஆடும் அளவுக்கு எயார்க் குமிழியை அருகில் விடுங்கள், வெள்ளையாகிப் போனதை அன்றாடம் எடுத்துவிடுங்கள்.

நம் சூட்டில் நாலைந்து நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுக்கு மஞ்சள் பை ஒன்று வயிற்றில் தொங்கும், அது கரையும்வரை, ஏறக்குறைய ஒரு கிழமை, சாப்பாடு தேவையில்லை, குகைக்குள்ளேயே இருக்கும். பை தீர்ந்து வெளியே வருகிற அன்றைக்கே பசி தொடங்கிவிடும். கண்ணாடியில் பாசியைப் பார்த்து அது போதும் என்று விடுகிறோம், எழுபது வாய்க்கு அது ஒரு நாளும் காணாது.

நான் செய்வது இது. உடைந்த பழைய கூரை ஓட்டுத் துண்டுகளை (சீமெந்து, பெயின்ற் படாதது) கழுவி, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணி நிரப்பிய அகலத் தட்டில் போட்டு முற்றத்து வெயிலில் வைப்பேன். வன்னி வெயிலுக்கு ஒன்றிரண்டு கிழமையில் மெல்லிய பச்சை பிடிக்கும். நுளம்புக் குடம்பி வந்தால் தட்டையும் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், குடம்பி கப்பிக்கு, ஓடு குஞ்சுக்கு. இரண்டு துண்டு உள்ளே, நாலு துண்டு வெளியே என்று மாற்றி மாற்றி வைத்தால் எந்த நேரமும் வாய் வைக்க ஏதோ இருக்கும். கூடவே அவித்த பசளி, வெள்ளரி, பூசணி. சந்தை மரக்கறியில் மருந்து அடித்திருக்கும், குஞ்சு அதைத் தாங்காது, தோல் சீவி, கழுவி, அவித்துப் போடுங்கள், வளவில் காய்த்தது இருந்தால் இன்னும் நல்லது. பின்னேரம் போட்டால் காலையில் எடுத்துவிட வேண்டும், நம் வெக்கைக்கு நாள் முழுக்கக் கிடந்த வெள்ளரித் துண்டு ஒன்றே ஒரு தொட்டிக் குஞ்சையும் கொல்லும்.

வயிறு நிறைந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் குஞ்சின் அடிப்பக்கம் உங்களுக்குத் தெரியும் அல்லவா, வாய்க்குக் கீழே வயிறு உருண்டு, உள்ளே குடல் சுருள் சுருளாகக் கரும்பச்சையாகத் தெரிந்தால் சரி. வயிறு உள்வாங்கி வெளிறி இருந்தால் அன்றைக்கே தீனியைக் கூட்டுங்கள், இரண்டு நாள் பிந்தினால் காப்பாற்ற முடியாது. நாளுக்கு இரண்டு தடவையாவது இப்படிப் பாருங்கள்.

தீனி கூடும்போது தண்ணியும் கெடும், ஆகவே ஒன்றுவிட்ட ஒரு நாள் கால்வாசி மாற்றுங்கள், அதே சூட்டுத் தண்ணியால். மோட்டர் பில்டர் குஞ்சை இழுக்கும், ஸ்பொன்ஞ் பில்டர் போடுங்கள், அந்த ஸ்பொன்ஞையும் குஞ்சு மேயும். நன்றாக ஊறிய, பால் வடியாத பழைய மரக்கட்டை ஒன்றும் கிடக்கட்டும், பெரியதும் சின்னதும் அதைச் சுரண்டித் தின்னும்.

இன்னொரு விஷயம். கடையில் சக்கர் என்ற ஒரே பெயரில் இரண்டு சாதி விற்கிறார்கள். முதுகுச் செட்டை பாய்போல் பெரிதாக, அதைத் தாங்கும் கதிர் (நரம்பு) பத்தோ அதற்கு மேலோ இருந்தால் அது ஒன்றரையடி வரை வளரும் மற்றச் சாதி, ஆற்றங்கரையில் பொந்து தோண்டி முட்டையிடும், வீட்டுத் தொட்டியில் எத்தனை வருடம் காத்திருந்தாலும் இடாது. பிரிஸில்நோஸுக்கு ஒரு முள்ளும் ஏழு கதிரும்தான், ஆணுக்கு மூக்கின் மேல் கிளைவிட்ட மீசை. வளர்க்க முடியாமல் போனால் அந்தப் பெரிய சக்கரை இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், நாட்டின் வேறு நீர்த்தேக்கங்கள் சிலவற்றில் ஏற்கனவே பரவி மீன்பிடிப்பவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஆண் இப்போது மெலிந்திருக்கும், ஒரு மாதம் நன்றாகச் சாப்பிடட்டும், அதுவரை குகையை வெளியே எடுத்து வையுங்கள். பிறகு குகையை வைத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணியைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணியால் மாற்றினால், மாரி தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பெண்ணைத் தேடும். மழைத்தண்ணியும் பாவிக்கலாம், முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஆனால் ஓட்டுத் துண்டுகளை இன்றைக்கே வெயிலில் வையுங்கள் தம்பி, முட்டையைக் கண்ட பிறகு வைத்தால் பச்சை பிடிக்க நாள் காணாது.