டியூட்டியில் இல்லாத பைலட்களை ஏன் காக்பிட்டில் ஓசியில் ஏற்றுகிறார்கள்? ஒருவர் என்ஜினை அணைக்கப் பார்த்த பிறகுமா?

கேள்வி கேட்டவர் 2023 அக்டோபர் சம்பவத்தை இப்போதுதான் ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பயம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த "ஓசி" உறுத்துகிறது. அமெரிக்காவில் ஒரு ரீஜனல் ஏர்லைனில் கேப்டனாக இருக்கிறேன், வீடு டல்லாஸ் பக்கம், டியூட்டி தொடங்குவது சிகாகோவில். ஆகவே இந்த ஓசியில் நானும் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காக்பிட்டில் இரண்டு பைலட்களுக்குப் பின்னால் மடக்கி வைக்கிற மாதிரி ஒரு இருக்கை இருக்கும், அதுதான் ஜம்ப் சீட். அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்து எங்கள் வேலையைச் சோதிப்பது அதில்தான். அவர் வந்துவிட்டால் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போக வேண்டியதுதான். அவர் வராத நாளில் அது சும்மா கிடக்கும். பயணிக்கு விற்க முடியாத சீட் அது, எங்களால் யாருடைய டிக்கெட்டும் பறிபோவதில்லை. உன் பைலட்டை நான் ஏற்றுகிறேன், என் பைலட்டை நீ ஏற்று என்று ஏர்லைன்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இதை நடத்துகின்றன. கம்பெனியே ஒரு பைலட்டை வேலைக்காக இன்னோர் ஊருக்கு அனுப்பினால் அது வேறு கதை, அதற்கு டெட்ஹெட் என்று பெயர், சீட்டும் உறுதி, சம்பளமும் உண்டு. ஜம்ப் சீட்டில் இரண்டும் கிடையாது. இடம் இருந்தால் போகலாம், இல்லையென்றால் கேட்டிலேயே நின்று விமானம் கிளம்புவதைப் பார்க்கலாம்.

எதற்கு இப்படி அலைய வேண்டும், வேலை இருக்கும் ஊரிலேயே குடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கம்பெனி இன்று சிகாகோ என்கும், சீனியாரிட்டி மாறினால் வேறு ஊர் என்கும், ஒவ்வொரு தடவையும் வீட்டை விற்று, பிள்ளைகளின் பள்ளியை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? 2009 பிப்ரவரியில் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்களே, அதன் துணை பைலட் முந்தின இரவு சியாட்டிலில் கிளம்பி மெம்ஃபிஸ் வழியாக நியூவர்க்குக்கு சரக்கு விமானங்களின் ஜம்ப் சீட்டில்தான் வேலைக்கு வந்து சேர்ந்தார். ஸ்டால் எச்சரிக்கை, அதாவது வேகம் குறைந்து இறக்கை விமானத்தைத் தூக்க முடியாமல் போகப்போகிறது என்ற எச்சரிக்கை, வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது, அது தெரியும். ஆனாலும் அந்த இரவை நினைத்துப் பார்த்தால் இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சரி, பாதுகாப்பு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மற்ற கம்பெனி பைலட்கள் காக்பிட்டில் உட்காருவதையே நிறுத்திவிட்டார்கள். சில வருடம் கழித்து சி.ஏ.எஸ்.எஸ். என்ற சரிபார்ப்பு முறை வந்த பிறகுதான் அது திரும்பவும் கிடைத்தது. கேட்டில் இருப்பவர் உங்கள் ஊழியர் எண்ணை அடித்தால் திரையில் உங்கள் புகைப்படம் வரும், நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்களா என்று தெரிந்துவிடும். ஆனால் மனநிலை எப்படி இருக்கிறது, தூங்கினானா, குடித்தானா என்பதெல்லாம் அந்தத் திரையில் வராது. 1994-ல் ஃபெட்எக்ஸ் 705 என்ற சரக்கு விமானத்தில் சுத்தியலும் ஈட்டித் துப்பாக்கியும் கிட்டார் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஏறிய ஆபர்ன் காலோவே அதே கம்பெனி ஊழியர்தான். மூன்று பேர் மண்டை உடைந்த நிலையிலும் அவரை மடக்கி மெம்ஃபிஸில் இறக்கினார்கள். 2023-ல் எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன, அலாஸ்கா ஏர்லைன்ஸின் சகோதரக் கம்பெனியான ஹொரைசனின் விமானத்தில் ஜம்ப் சீட்டில் இருந்தவரும் அலாஸ்கா ஏர்லைன்ஸ் பைலட்தான். நான் ஓட்டுகிற அதே எம்ப்ரேயர் 175. தலைக்கு மேலே இருக்கும், என்ஜினை அணைக்கிற சிவப்புக் கைப்பிடிகளைப் பிடித்து இழுக்கப் பார்த்தார், முன்னால் இருந்த இருவரும் அவர் கையைப் பிடித்துத் தடுத்து, விமானத்தை போர்ட்லாண்டில் இறக்கினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ஏறுகிறவர் நேராகக் காக்பிட் வாசலுக்கு வந்து, கேப்டனைப் பார்த்து, "உங்களோடு வரலாமா" என்று கேட்டுவிட்டு லைசென்ஸையும் மெடிக்கல் சான்றிதழையும் காட்டும் அந்தப் பழக்கம் வெறும் மரியாதைக்காக இல்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆளைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், பேச்சைக் கேட்கிறோம். கேட்டில் சீட்டு கொடுத்துவிட்டார்கள் என்பதால் யாரையும் ஏற்றியே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை, கடைசிச் சொல் கேப்டனுடையது.

இதை நான் ஒரு தடவை சொல்லப்போய்ப் பெரிய ரகளை ஆகிவிட்டது. ஒரு குளிர்கால இரவு, சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் கடைசி விமானம், கேபின் நிறைந்துவிட்டது. டீஐசிங்குக்கு, அதாவது இறக்கையில் படிந்த பனியை நீக்குவதற்கு, காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்து எரிபொருள் கணக்குப் போட, தரையில் இருந்து பயணத்தைத் திட்டமிடும் டிஸ்பாட்சரோடு நான் போனில் இருக்கிறேன். ஒரு பெரிய கம்பெனியின் மூத்த பைலட் (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்) உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. என் துணை பைலட்டிடம், அந்தப் பெண் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள், உன் பையை நகர்த்து என்றார். ஜம்ப் சீட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசலில் நின்ற ஃபிளைட் அட்டெண்டென்டிடம் காபி கேட்டார். அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பது மாதிரி இருந்தது எனக்கு.

போனை வைத்துவிட்டு, வணக்கம் சொல்லி, லைசென்ஸ், மெடிக்கல் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்டில் எல்லாம் பார்த்துவிட்டார்கள் என்றார். அவர்கள் பார்த்தது உங்கள் வேலையை, இதை நான்தான் பார்க்க வேண்டும் என்றேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நான் ஜம்ப் சீட்டில் போகிறேன், ரீஜனல் ஆட்களுக்கு இதெல்லாம் ரொம்பப் பெரிசு என்று சிரித்தார். சரி, அப்படியானால் இன்றைக்கு என்னோடு வர வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் நம்பவே இல்லை. அப்புறம் பையை எடுத்துக்கொண்டு, உன் பெயரைக் குறித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்து நின்ற பையன் இன்னொரு ரீஜனல் ஏர்லைனின் துணை பைலட். வாசலிலேயே நின்றான். கேட்டான், காட்டினான், ஃபிளைட் அட்டெண்டென்ட்களுக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தான். பத்தாயிரம் அடி ஏறுகிற வரை வாய் திறக்கவில்லை, வேலைக்குத் தேவையில்லாத பேச்சு அதற்குக் கீழே கூடாது என்பது அவனுக்கும் பொருந்தும் என்று தெரிந்தவன். டாக்ஸி செய்யும்போது எங்களுக்குக் கன்ட்ரோலர் கொடுத்த கிளியரன்ஸை அவனும் மடியில் குறித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது ஜோடிக் கண் என்பது இதுதான். 1989-ல் யுனைடெட் 232 விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக்ஸ் மொத்தமும் போனபோது, பயணியாகப் பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சி கேப்டன் டென்னிஸ் ஃபிட்ச் முன்னால் வந்து என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலை மட்டும் வைத்து ஓட்ட உதவினார், 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். ஓசிக்காரர்களைத் திட்டும்போது அந்த ஆளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சில நாளில் எங்கள் யூனியனின் ஜம்ப் சீட் கமிட்டியிலிருந்து போன் வந்தது. அவர் புகார் கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, கேப்டன் முடிவு என்று மூடிவிட்டார்கள். இதற்குப் பிறகும் எனக்கு ஈகோ என்று எழுதப்போகிறவர்களுக்கு: ஆமாம், அவர் சிரித்த விதம் பிடிக்கவில்லைதான், ஆனால் லைசென்ஸை நீட்டியிருந்தால் அந்தச் சிரிப்போடேயே கூட்டிப் போயிருப்பேன். எடை கணக்கு இடித்தால்கூட டிஸ்பாட்சரோடு மல்லுக்கட்டி ஜம்ப் சீட் ஆளை ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவேன், என்னோடு பறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இதைவிட அற்பக் காரணத்துக்கு மறுப்பவர்கள் உண்டு. 1983-ல் தொடங்கி 1985 வரை நடந்த கான்டினென்டல் ஏர்லைன்ஸ் பைலட்களின் ஸ்ட்ரைக்கை உடைத்து வேலைக்குப் போனவர்களின் பட்டியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எத்தனையோ வருடம் கழித்தும் ஏற்ற மறுத்த கேப்டன்கள் இருந்திருக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் காரணம் கேட்கவும் முடியாது.

கடைசியாக, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்ததால், இங்கே கிரீன் கார்டில் என் ஒரே பெயரைத் தூக்கிக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயருக்கு எஃப்.என்.யூ. என்று அச்சடித்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தமாம்! கேட்டில் மைக்கைப் பிடித்து "கேப்டன் ஃப்னூ" என்று கூப்பிடுகிறார்கள், நானும் போய் நிற்கிறேன். மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போ, இல்லையென்றால் குடியுரிமை வாங்கும்போது மாற்றிக்கொள் என்கிறார்கள். மாற்றினால் லைசென்ஸ், மெடிக்கல், கம்பெனி அடையாள அட்டை மூன்றிலும் ஒரே நேரத்தில் மாற வேண்டும், ஒன்றில் மட்டும் பழைய பெயர் இருந்தால் என்னை மாதிரி ஒரு கேப்டன் என்னை ஏற்ற மாட்டார். பைலட்டாக இருந்துகொண்டே இதைச் சரிசெய்தவர் யாராவது இருந்தால், எதை முதலில் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.