மண் மாசுபட்டால் மரவேரோடு கூட்டாக வாழும் பூஞ்சை என்ன ஆகும்?

கன உலோகம் கலந்த மண்ணில் வேர்ப்பூஞ்சைகள் அழிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் அழிவதில்லை, தாங்காத இனங்கள் மறையும், தாங்குபவை பெருகும். பெல்ஜியத்தின் பழைய துத்தநாக ஆலைகளைச் சுற்றியுள்ள பைன் மரங்களின் வேர்களில் வாழும் சுயில்லஸ் லூட்டியஸ் காளான் இதற்கு நல்ல சாட்சி. அங்குள்ள வகைகள் மற்ற இடத்து வகைகளைவிட அதிகத் துத்தநாகத்தைத் தாங்கும். நஞ்சு உள்ளே போகாமல் அவை தடுப்பதால் பைன் கன்றும் பிழைக்கிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது நைட்ரஜன் மாசுதான். வாகனப் புகை, உரம், கால்நடைக் கழிவு வழியாக அது மண்ணில் குவிந்தால், பூஞ்சையின் உதவி இல்லாமலே அந்தச் சத்து கிடைப்பதால், மரம் பூஞ்சைக்குத் தரும் சர்க்கரையைக் குறைத்துவிடும். மண்ணில் நெடுந்தூரம் ஓடும் இழைகளைக் கொண்ட இனங்கள்தான் முதலில் அடிபடும். அப்புறம் பாஸ்பரஸ் தேவைப்பட்டால், தூரத்து மண்ணைத் துழாவி எடுத்துவர மரத்துக்கு ஆள் இருக்காது.